கோணல் தோளும் தவமணியின் கொண்டையும்

கோணலா ஒட்டிப்போன எலும்பை மறுபடி உடைச்சு நேராக்குறது எங்க பிரிவோட தொழில். அந்தச் சேதியைச் சம்பந்தப்பட்டவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு உயிரோட திரும்பி வர்றது என்னோட தொழில்.

மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணுல, எலும்பு முறிவுப் பிரிவில நான் ஒரு சின்ன டொக்டர். கத்தியைப் பிடிக்கிறது எங்க பெரிய டொக்டர். சிங்களவர், தங்கமான மனுசன், தமிழ் மட்டும் வராது. நான் வலப்பனைக்காரன். ரெண்டு பாஷையும் வரும். அதனால அறுக்கிறது அவரு, திட்டு வாங்குறது நான்னு வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். என்னைப் போல டொக்டராவோ, மிஸ்ஸின்னு நாங்க கூப்பிடுற நர்ஸாவோ, அட்டெண்டனாவோ இருந்து இதே பாட்டைப் பட்டவங்க, கிளினிக் பெஞ்சில விடிஞ்சதிலிருந்து உக்காந்து இடுப்பொடிஞ்சவங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மத்தவங்களும் வாசிக்கலாம். நாளைக்கு நீங்க வழுக்கி விழமாட்டீங்கன்னு யாரு கண்டா?

பெரிய டொக்டரின் தமிழ்

தமிழே தெரியாதுன்னு சொன்னா பாவம், பெரிய டொக்டருக்கு ரெண்டு வார்த்தை தெரியும். "கை தூக்கு." தோள் நோயாளிக்கு இது போதும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. குரல்தான் கொஞ்சம் பொலிஸ்காரக் குரல்.

தவமணி அக்கா முதல் தடவை வந்தது அந்தக் குரலுக்கு முன்னாலதான். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுல கொழுந்து பறிக்கிறவங்க. நாப்பதைத் தாண்டின வயசு. மழையில தண்ணி ஓடுற கான் ஓரமா கூடையோட சறுக்கி விழுந்து வலது தோளு முறிஞ்சிருக்கு. மாசக்கணக்கா அது பாட்டுக்குக் கோணலா ஒட்டிப்போச்சு. எக்ஸ்ரேயைப் பார்த்தா தோளுப் பந்து ஒரு பக்கம் பாக்குது, கை எலும்பு வேற பக்கம் பாக்குது, கோவிச்சுக்கிட்ட புருசன் பொஞ்சாதி மாதிரி.

கொழுந்தைக் கிள்ளிக் கை நிறைஞ்சதும் தோளுக்கு மேலால பின்பக்கமா வீசணும், அது முதுகுக் கூடையில விழணும். தவமணி அக்கா கை நெஞ்சு மட்டத்தோட நின்னுருது. "நான் வீசினா கூடைக்குப் போகாம பக்கத்து நெரைக்காரி மூஞ்சிக்குப் போகுதுங்க ஐயா"ன்னாங்க. வேலையை மேற்பாக்குற கண்டாக்கு ஐயா பார்த்துட்டு, இனி கொழுந்து மலைக்கு வேணாம், பிள்ளை மடுவத்தைக் கூட்டிக்கிட்டு இருன்னு சொல்லியிருக்காரு. சின்னப் பிள்ளைகளை விட்டுட்டுப் போற எடத்துல வெளக்குமாறோட நிக்கிறதுக்கு, விழுந்த எடத்துலயே கெடந்திருக்கலாம்னு சொல்லி அந்த அம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. போதாக்குறைக்கு, தானா தலை சீவிக் கொண்டை போடவும் முடியல. மலைக்குப் போறதும் கொண்டை போடுறதும், இந்த ரெண்டும் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பெரிய டொக்டர் எழும்பி நின்னு, "கை தூக்கு!"ன்னாரு. தவமணி அக்கா உடம்பை ஒரு பக்கமா சாய்ச்சு, பல்லைக் கடிச்சு, நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினாங்க. அவரு அளந்து பார்த்து எனக்கு ஒவ்வொண்ணா விளக்கிக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பின்னால பார்த்தேன். அந்த அம்மாவோட வீட்டுக்காரர் மருதை, தேயிலை பெக்டரியில வேலை செய்றவரு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு சுவரோரமா நிக்கிறாரு. நான் பார்த்ததும் மெதுவாக் கேட்டாரு: "ஐயா, எனக்கு எதுவும் உடையல. எறக்கிக்கிறலாமுங்களா?"

பாரம் எங்கே தொங்கும்

தோளு முறிஞ்சா முக்கோணத் துணியில கையைப் போட்டுக் கழுத்துல தொங்கவிடுறதுதான் வழக்கம். எலும்பு ரொம்ப நகரலைன்னா அதுவே போதும், தானா ஒட்டிக்கும். தவமணி அக்காவுக்கும் விழுந்த புதுசுல தோட்டத்து டிஸ்பென்சரியில ஒழுங்கா அப்படித்தான் கட்டி அனுப்பியிருக்காங்க. முதல் எக்ஸ்ரேயில எலும்பு அவ்வளவு மோசமா இல்ல. பிறகு எப்படி இந்தக் கோணல்? எனக்கு மண்டை காய்ஞ்சுது. துணியைத் திரும்பக் கட்டிக் காட்டச் சொன்னேன்.

கட்டிக் காட்டினாங்க. கையைத் துணியில போட்டு, துணியோட முடிச்சைத் தூக்கி நெத்திக்கு மேல உச்சந்தலையில மாட்டிக்கிட்டாங்க, கொழுந்துக் கூடையோட கயித்தை மாட்டுற அதே எடத்துல. அடக் கடவுளே! தலை ஆடினா கை ஆடும். கை ஆடினா எலும்பு ஆடும். தேத்தண்ணி வேணுமான்னு யாராச்சும் கேட்டு, இவங்க ஆமான்னு தலையாட்டினா எலும்பு ஒரு நூலு நகரும். லயம்னா வரிசையா ஒட்டின வீடுதானே, பக்கத்துக் காம்பராக்காரி கதை சொல்ல வந்து உக்காந்தா கேக்கவே வேணாம். இப்படித்தான் வாரக்கணக்கா, ஊரு கதைக்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டி, அந்தத் தோளு கோணலா ஒட்டியிருக்கு.

"கழுத்துல போடச் சொன்னதை ஏன்கா தலையில போட்டீங்க?"ன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். என்னை ஒரு விவரமில்லாத ஆளைப் பாக்குற மாதிரி பார்த்துச் சொன்னாங்க: "கழுத்துல தாலியைத் தவிர வேற எதையும் மாட்டிப் பழக்கமில்லைங்க ஐயா. பாரம்னா அது தலையிலதான்."

கொஞ்சமாக உடைப்பது

இனி என்னோட தொழில். அறுவைச் சிகிச்சையைப் பத்திச் சொல்லணும். எலும்பை வெட்டுவோம், ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்துட்டு நேரா நிமித்துவோம், பக்கத்துல உலோகத் தகடு வச்சு ஸ்குரூ போட்டு இறுக்குவோம். இதுவரைக்கும் சொன்னா தச்சு வேலை மாதிரி கேட்டுக்கிடுவாங்க. அடுத்ததுதான் கஷ்டம். அந்த எலும்பைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுது. கையைத் தூக்குற தசைக்கு உயிரு அதுதான். அதுல அடி பட்டுச்சுன்னா, இப்ப நெஞ்சு மட்டத்துக்காவது போற கை, தொடையோட தொங்கிரும். எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனா ஆகவே ஆகாதுன்னு நான் பொய் சொல்ல முடியாது.

தவமணி அக்கா வாய் திறக்கிறதுக்குள்ள, பக்கத்து நாற்காலியில இருந்த நிஸ்தார் நானா திறந்துட்டாரு. ஹட்டன்ல ஹாட்வெயார் கடை வச்சிருக்கிறவரு; முஸ்லிம் அண்ணன்மாரை எங்க பக்கம் நானான்னுதான் கூப்பிடுவோம். பைப் எடுக்க ஏணியில ஏறி விழுந்து, அவருக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி கோணல். "டொக்டர், முழுசா உடைக்காம கொஞ்சமா உடைக்க ஏலாதா? பைப்பை நாங்க சூடு காட்டி வளைச்சு எடுக்கிறோமே!"ன்னாரு. எலும்பு பைப் இல்ல நானான்னேன். சரி, தகடாவது நல்ல தகடான்னு கேட்டாரு. துரு பிடிக்காதுன்னேன். எந்த நாட்டுச் சாமான்னு கேட்டாரு. கடைசியில தாடையைத் தடவி யோசிச்சு, தவமணி அக்காவைப் பார்த்துத் தலையசைச்சு, ஒரு வியாபாரிக்குரிய நிதானத்தோட முடிவு சொன்னாரு: "அப்ப இப்படிச் செய்வம். மொதல்ல இந்தத் தங்கச்சிக்குச் செஞ்சு பாருங்க. சரி வந்தா நானும் வாறன்."

சீப்பு

தவமணி அக்கா சம்மதிச்சு, வாட்டுல சேர்ந்துட்டாங்க. மருதை சம்மதிக்கல. கையெழுத்து அந்த அம்மாவோடது, அவரு சம்மதம் சட்டப்படி தேவையில்ல. ஆனா மனுசன் பெக்டரி முடிஞ்சு நேரா வாட்டுக்கு வந்து, கட்டில் பக்கத்துல உம்முன்னு நின்னாரு. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்தாரு. பொஞ்சாதிக்குப் பின்னால கட்டில்ல ஏறி உக்காந்து சிக்கெடுத்து, சீவி, சுருட்டி, கொண்டை ஊசியை வாயில கடிச்சுக்கிட்டு ஒரு கொண்டை போட்டாரு. கை முறிஞ்ச நாளிலிருந்து காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு முன்னால இது அவரு வேலையாம். கொண்டையும் தோளு மாதிரியே ஒரு பக்கமா கோணலா இருந்துச்சு. எதிர்க்கட்டில் பொம்பளைங்க போர்வையை வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிச்சாங்க. தவமணி அக்கா முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டிருந்தாங்க.

நான் மருதையை வெராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போய், ஏன்ணே பிடிவாதம், அந்த அம்மாவுக்கு மலைக்குப் போகணும், தன் வேலையைத் தானே பாக்கணும்னு ஆசை இருக்காதான்னு கேட்டேன். சீப்புல சிக்கியிருந்த முடியை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே அவரு என் மூஞ்சியைப் பாக்காமச் சொன்னாரு: "கொண்டை போட ஆளு இருக்கயில, கையை எதுக்குங்க ஐயா உடைக்கணும்?"

தொடுகிறேன், தெரியுதா?

அறுவை நல்லபடியா முடிஞ்சுது. எலும்பு நேரா நின்னுச்சு, தகடு உக்காந்துச்சு. மயக்கமும் மரப்பும் விட்டதும் நரம்பைச் சோதிக்கணும். அது ரொம்பச் சுலபம். தோளுக்கு வெளிப்பக்கம் தோலைத் தொட்டு, தெரியுதான்னு கேக்கணும். தெரிஞ்சா நரம்பு பெரும்பாலும் தப்பிச்சுதுன்னு நம்பலாம்.

"கண்ணை மூடுங்கக்கா. தொடுறேன், தெரியுதா?" "தெரியுதுங்க ஐயா." எனக்கு உச்சி குளிர்ந்துச்சு. இருந்தாலும் ஒரு சந்தேகம். அடுத்த தடவை கையைப் பின்னால கட்டிக்கிட்டு, தொடாமலே கேட்டேன். "இப்ப?" "நல்லாத் தெரியுதுங்க ஐயா." எனக்குக் குளிர்ந்தது அவ்வளவும் வேர்த்துப் போச்சு. நான் தொடவே இல்லையேக்கான்னு சொன்னா, "நீங்க தொடுறேன்னு சொல்றப்ப, இல்லைன்னு எப்படிங்க ஐயா சொல்றது?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு வைத்தியம் பார்த்தவங்களுக்கு இது புரியும். தொரைமாருக்கும் டொக்டர்மாருக்கும் இல்லைன்னு சொல்லிப் பழகாத வாயி. மரியாதையை வச்சு நரம்பைச் சோதிக்க முடியுமா, சொல்லுங்க? நரம்பு செத்துப் போயிருந்தாலும் எனக்குத் தெரியுதுங்க ஐயான்னுதான் பதில் வரும். பெரிய டொக்டர் வாசல்ல நின்னு என்ன ஆச்சுன்னு கண்ணாலேயே கேக்குறாரு.

அப்பத்தான் மருதை தேத்தண்ணிப் போத்தலோட உள்ள வந்தாரு. சத்தம் போடாதீங்கன்னு வாயில விரலை வச்சுக் காட்டி, அவரு கையைப் பிடிச்சு, தோள்ல தொட வேண்டிய எடத்தைக் காட்டினேன். தெரியுதான்னு யாரும் கேக்கல. மருதை பயந்து பயந்து ஒரு விரலை வச்சாரு. கண்ணை மூடியிருந்த தவமணி அக்கா சட்டுன்னு புருவத்தை நெரிச்சாங்க: "இந்தச் சொரசொரப்பு எங்க வீட்டு ஆளு கைதான்... கையை எடுய்யா, ஆளுங்க பாக்குறாங்க!"

வாட்டு ரவுண்ட்

இந்த முறை துணியைக் கழுத்துலதான் போடணும்னு நான் சாமி சத்தியம் வாங்கியிருந்தேன். தவமணி அக்கா வாக்குத் தவறல. ஆனா தனக்குத் தெரிஞ்ச வித்தையை மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கலையே! அடுத்த ரவுண்டுக்குப் போனப்ப பார்த்தா, மணிக்கட்டு முறிஞ்ச அம்மா, முழங்கை முறிஞ்ச அக்கா, இறம்பொடையிலிருந்து முதல் நாள்தான் வந்த பிள்ளை, அந்த வரிசை முழுக்கத் தலையில துணி. தவமணி அக்கா மட்டும் கழுத்துல போட்டுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. பெரிய டொக்டர் கட்டில் கட்டிலாப் பார்த்துட்டு, பயபக்தியோட குரலைத் தாழ்த்தி, சிங்களத்துல என்கிட்ட கேட்டாரு: "இது எந்தச் சாமிக்கு? வேண்டுதல்னா நான் ஒண்ணும் சொல்லல, இல்லைன்னா இப்பவே கழட்டச் சொல்லு."

சுவரில் நண்டு

வீட்டுக்குப் போனபிறகு பயிற்சி. சுவருக்கு முன்னால நின்னு, விரலை நண்டு மாதிரி ஊர வச்சு மேல மேல ஏத்தணும். இன்னிக்கு எட்டின எடத்துல ஒரு அடையாளம் போட்டு, நாளைக்கு அதைத் தாண்டணும். தவமணி அக்கா காம்பரா சுவர்ல குங்குமத்தால பொட்டு வச்சு ஏறியிருக்காங்க. கும்பிட வேண்டிய எடம்னு நெனச்சு யாரோ ரெண்டு பேரு சூடம் காட்டிட்டுப் போனதாகவும் கேள்வி.

ஆனா கிளினிக்குக்கு வந்தா கை நெஞ்சைத் தாண்டல. எக்ஸ்ரேயில எலும்பு அழகா, நேரா ஒட்டியிருக்கு. நரம்பு நல்லா இருக்கு. "கை தூக்கு"ன்னா, பழையபடி உடம்பைச் சாய்ச்சு, பல்லைக் கடிச்சு, நெஞ்சு மட்டத்துல நின்னுருது. மலைக்குப் போறாங்களான்னு கேட்டா, மருதைதான் பதில் சொல்றாரு: "கூடை இல்லாம, பையை முன்னால கட்டிக்கிட்டுப் போறேங்கிறா. இன்னமும் நான்தான் கொண்டை போடுறேன்." அடுத்த கிளினிக்கும் அதே பாட்டு. அதுக்கு அடுத்ததும் அதே பாட்டு. பெரிய டொக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. தன்மேல தப்பு இருக்குமோன்னு தேடுற மனுசனைப் பாக்கக் கஷ்டமா இருந்துச்சு. உள்ள தசை ஒட்டிக்கிட்டிருக்கலாம், மறுபடி திறந்து பாக்கணும், நாள் குறின்னாரு. இதையும் நான்தானே போய்ச் சொல்லணும்!

வெளிய பெஞ்சில இருந்த நிஸ்தார் நானா, என் மூஞ்சியையும் மருதை கையில இருந்த சீப்பையும் மாறி மாறிப் பார்த்துட்டு, தன்னோட கோணல் தோளை ஆசையாத் தடவிக்கிட்டாரு: "நல்ல வேளை, நான் அவசரப்படல."

திரைக்குப் பின்னால்

மறுபடி திறக்கணும்னு சொன்னதும் தவமணி அக்கா முகம் வெளுத்துப் போச்சு. மருதையை அனுப்பி மருந்து எடுக்கச் சொன்னாங்க. அவரு தலை மறைஞ்சதும், "ஐயா, அந்தத் திரையைக் கொஞ்சம் இழுங்க"ன்னாங்க. மிஸ்ஸி திரையை இழுத்தாங்க. தவமணி அக்கா வலது கையை எடுத்தாங்க. நெஞ்சைத் தாண்டிச்சு. தோளைத் தாண்டிச்சு. காதைத் தாண்டி உச்சந்தலைக்குப் போச்சு. மருதை போட்ட கோணல் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, முடியை உதறி, ரெண்டு கையாலயும் ஒரு சுத்துச் சுத்தி, அச்சு மாதிரி ஒரு கொண்டை போட்டுக் காட்டினாங்க. நானும் மிஸ்ஸியும் பேயைப் பார்த்த மாதிரி நின்னோம். பிறகு அந்த அழகான கொண்டையை அவங்களே கலைச்சு, பழையபடி கோணலாச் செருகிக்கிட்டாங்க.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. "என்னக்கா இது, பெரிய டொக்டர் சாப்பிடாம யோசிக்கிறாரு, நீங்க விளையாடுறீங்களா? அப்ப கொழுந்து?"ன்னேன். "கூடையோடதாங்க போறேன். ஒரு கொழுந்து வெளிய சிந்துறதில்ல. கண்டாக்கு ஐயாவே பார்த்துட்டுப் பேசாமப் போயிட்டாரு. இவருகிட்டதான் முன்னால பை கட்டுறேன்னு சொல்லி வச்சிருக்கேன். இவருக்கு பெக்டரிக்கு வந்து சேர்ற கொழுந்துதான் தெரியும், அது எப்படிக் கூடைக்கு வருதுன்னு தெரியாது"ன்னு சொன்னாங்க. கூட வேலை செய்ற பொம்பளைங்களுக்குத் தெரியாதான்னு கேட்டேன். எல்லாருக்கும் தெரியுமாம், ஒருத்தியும் சொல்ல மாட்டாளாம். ரெண்டு பேருக்கு இப்பத் திடீர்னு கை வலியும் வந்திருக்காம்.

சரி, ஏன் இப்படின்னு கேட்டேன். புடவை முந்தானையைத் திருகிக்கிட்டே சொன்னாங்க: "கல்யாணம் கட்டின நாளிலிருந்து அந்த மனுசன் என் மூஞ்சியைப் பார்த்து ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினதில்லைங்க ஐயா. பேச வராது. இப்ப பின்னால உக்காந்துக்கிட்டுச் சீப்பைக் கையில எடுத்தா, எல்லாம் பேசுறாரு. பெக்டரியில நடந்தது, அவங்க அம்மா செத்தது, சின்ன வயசுல பயந்தது, எல்லாம். கை தூக்குதுன்னு தெரிஞ்சா சீப்பைக் கீழ வச்சிருவாரு." சொல்லிட்டு அழுதாங்க. மிஸ்ஸியும் திரையைச் சரி பண்ற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

வெராந்தாவில மருதையோட செருப்புச் சத்தம் கேட்டுச்சு. இப்ப பெரிய டொக்டருக்கு நான் என்னத்தைச் சொல்றதுன்னு அவசரமாக் கேட்டேன். தவமணி அக்கா கண்ணைத் தொடைச்சு, உடம்பை ஒரு பக்கமாச் சாய்ச்சு, கையை நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவந்து வச்சுக்கிட்டு, ரொம்பத் தெளிவாச் சொன்னாங்க: "மலையில தூக்குது, லயத்துல தூக்கலைன்னு சொல்லிருங்க ஐயா."

வெட்டி நிமித்தித் தகடு வச்சு ஸ்குரூ போட்டு ஒரு கையை மேல போக வைக்கிறது வரைக்கும்தான் எங்க படிப்பு. அது எந்த எடத்துல மேல போகணும், எந்த எடத்துல போகக் கூடாதுங்கிறதை எந்த எக்ஸ்ரேயும் எங்களுக்குக் காட்டுறதில்ல.